வராத பதில்கள்

2021 மே மாதத்தில் எங்கள் துறையிலிருந்து மாணவர்களுக்கு ஒரு கூகுள் படிவம் அனுப்பினோம். ‘இணையவழி வகுப்புகள் உங்களுக்கு எந்த அளவுக்குத் திருப்தி அளித்தன?’ என்பதுதான் அதில் தலையாய கேள்வி. கீழே ஐந்து வட்டங்கள். மிகவும் திருப்தி என்று தொடங்கி, அறவே திருப்தியில்லை என்பதில் முடியும். ஏதாவது ஒன்றைத் தொட்டால் போதும். தருமபுரி மாவட்டத்தில் ஓர் அரசு கலைக் கல்லூரியில் நான் பொருளாதாரம் நடத்துகிறேன். அந்தக் கேள்வியை எழுதியவன் நான்தான்.

மூன்று நாள் கெடு வைத்திருந்தோம். கெடு முடிந்ததும் திரையில் வட்ட வரைபடம் தானாக வந்து நின்றது. ‘திருப்தி’ என்ற துண்டுதான் எல்லாவற்றிலும் பெரியது. அதற்கடுத்தது ‘மிகவும் திருப்தி’. துறைத்தலைவர் நிம்மதியாக மூச்சுவிட்டார். ஓராண்டாக நாங்கள் எல்லோரும் பட்ட பாட்டுக்கு ஒரு சான்று கிடைத்ததுபோல எனக்கும் இருந்தது. வரைபடத்தை அச்செடுத்துக் கோப்பில் சேர்த்தோம்.

நாலு நாள் கழித்து இரண்டாமாண்டு மாணவன் ஒருவன் கூப்பிட்டான். சித்தேரி மலையில் உள்ளே தள்ளியிருக்கும் சிற்றூர் அவனுடையது. “சார், அந்த ஃபார்மை மூடிட்டீங்களா? நான் இப்பத்தான் டவருக்கு வந்தேன்” என்றான். டவருக்கு வருவது என்பது அந்த ஊர்ப் பிள்ளைகளின் பேச்சு. சந்தைக்கு வருவது, ஆஸ்பத்திரிக்கு வருவது என்பதைப் போல. வீட்டிலிருந்து மேடேறி ஒரு பாறையருகே வந்து நின்றால்தான் அங்கே செல்பேசிக்கு உயிர் வரும். “மூடியாச்சுப்பா. பரவாயில்லை, அதுக்கு மார்க் எதுவும் கிடையாது” என்றேன். “சரிங்க சார்” என்று வைத்துவிட்டான்.

அவன் மார்க்குக்காகக் கூப்பிடவில்லை. தன்னை ஒருவர் ஒன்று கேட்டிருக்கிறார், அதற்குப் பதில் சொல்ல வேண்டும் என்று நினைத்துத்தான் கூப்பிட்டான். இது எனக்கு உறைக்க இரண்டு நாள் ஆயிற்று. பிறகு கோப்பிலிருந்து வகுப்புப் பட்டியலை எடுத்து, பதில் வந்த பெயர்களை ஒவ்வொன்றாகக் கோடிட்டேன். கோடு விழாமல் மிஞ்சியவர்கள் யார் யார் என்று பார்த்தால், மலையிலிருந்து வருகிறவர்கள், அப்பா அம்மாவோடு பெங்களூருக்குக் கட்டட வேலைக்குப் போனவர்கள், திருப்பூரில் பனியன் கம்பெனியில் சேர்ந்துவிட்டவர்கள், நடுவில் கல்யாணம் ஆகிப்போன இரண்டு பெண்கள். வகுப்பு எட்டாதவர்கள் யாரோ அவர்களுக்கே படிவமும் எட்டவில்லை. வரைபடத்தில் அவர்களுக்கென்று ஒரு துண்டும் இல்லை, ஒரு நிறமும் இல்லை.

மனிதர்களின் மனப்பாங்கைப் படிப்படியாக அடுக்கி அளக்கும் இந்த முறையை அமெரிக்க உளவியலாளர் ரென்சிஸ் லிக்கர்ட் 1932-இல் வகுத்துக் கொடுத்தார். எளிய முறை, பல இடங்களில் பயனுள்ளதும்கூட. நம் கல்லூரிகளுக்கு அது வந்து சேர்ந்த வழி வேறு. கல்லூரிகளை மதிப்பிட்டுத் தரம் வழங்கும் நாக் அமைப்பு 2017-இல் தன் மதிப்பீட்டு முறையைத் திருத்தியபோது மாணவர் திருப்தி ஆய்வு என்று ஒரு பகுதியைச் சேர்த்தது. மாணவர்களின் மின்னஞ்சலுக்குக் கேள்விகள் போகத் தொடங்கின. பாடத்திட்டத்தில் எவ்வளவு நடத்தி முடிக்கப்பட்டது என்பது அதில் முதல் கேள்வி. அதற்குப் பிறகு கல்லூரிகளில் எதற்கெடுத்தாலும் படிவம்தான். கொரோனா வந்தபோது அந்தப் பழக்கம் கையோடு இருந்தது. உலகம் முழுவதிலும் இணையவழிக் கல்வியில் மாணவர்களின் திருப்தி பற்றி அந்த இரண்டாண்டுகளில் வெளிவந்த ஆய்வுகளுக்குக் கணக்கில்லை. கைக்குக் கிடைத்தவற்றை உட்கார்ந்து படித்தேன். அவற்றில் பெரும்பாலானவை, எங்களுடையதைப் போலவே, இணையப் படிவத்தில் பதில் வாங்கியவை.

கிராமத்துப் பந்தியில் “திருப்தியா சாப்பிட்டீங்களா?” என்று கேட்கிறவர் நம் முகத்தைப் பார்க்க மாட்டார், இலையைப் பார்ப்பார். சோறு அப்படியே கிடக்கிறதா, குழம்பு தீர்ந்துபோய் வெறும் சாதத்தைப் பிசைகிறோமா என்று இலை சொல்லிவிடும். நாங்கள் இலையைப் பார்க்காமல் கேட்டுவிட்டோம்.

அந்த இலையில் என்ன இருந்தது?

2020 மார்ச் 17 முதல் தமிழ்நாட்டில் கல்லூரிகளை மூடினார்கள். மாதக் கடைசியில் திறந்துவிடும் என்று நினைத்துக் கரும்பலகையைக்கூட அழிக்காமல் வந்தோம். அப்புறம் ஊரடங்கு. ஜூன், ஜூலை வாக்கில் வகுப்புகளை இணையத்தில் தொடங்கச் சொன்னார்கள். எங்களில் ஒருவருக்கும் அதில் பயிற்சி கிடையாது. ஜூமில் காசு கட்டாவிட்டால் 40 நிமிடத்தில் கூட்டம் கலைந்துவிடும் என்பதுகூட முதல் வகுப்பு பாதியில் அறுந்தபோதுதான் தெரிந்தது. கூகுள் மீட்டுக்கு மாறினோம். அறுபது பேர் வகுப்பில் முதல்நாள் முப்பத்திரண்டு பேர் வந்தார்கள். இரண்டு வாரத்தில் அது பதினெட்டாகி, பிறகு அங்கேயே நின்றுவிட்டது.

தேசிய மாதிரி ஆய்வின் 75-ஆவது சுற்று 2017-18-இல் எடுத்த கணக்குப்படி, இந்தியக் கிராமங்களில் இணைய வசதி இருந்த குடும்பங்கள் 14.9 சதவீதம், நகரங்களில் 42 சதவீதம். கணினி இருந்த வீடுகள் கிராமத்தில் 4.4 சதவீதம். 2020-க்குள் மலிவான ஸ்மார்ட்போன்கள் நிறைய வந்துவிட்டன, உண்மைதான். ஆனால் வீட்டுக்கு ஒன்று என்றுதான் வந்தன. எங்கள் பிள்ளைகள் வீட்டில் அந்த ஒன்று அப்பாவின் சட்டைப்பையில் இருக்கும். அப்பா வேலைக்குப் போனால் வகுப்பும் அவரோடு போய்விடும். அண்ணனுக்கோ அக்காவுக்கோ பள்ளியில் அரசு கொடுத்த மடிக்கணினி சில வீடுகளில் இருந்தது. பேட்டரி செத்துப்போய், வயரைப் பிடித்தபடி உட்கார்ந்தால் மட்டும் ஓடும்.

ரீசார்ஜுக்கு 2020-இல் 28 நாளுக்கு 199 ரூபாய், நாளொன்றுக்கு ஒன்றரை ஜிபி. வீடியோ வகுப்பு மூன்று நடந்தால் அது தீர்ந்துபோகும். நூறுநாள் வேலைக்கு அந்த ஆண்டு தமிழ்நாட்டில் அறிவிக்கப்பட்ட கூலி 256 ரூபாய், கைக்கு வந்தது அதைவிடக் குறைவு. ஊரடங்கில் வேறு வேலை எதுவும் இல்லாத வீடுகளில் ஒரு ரீசார்ஜ் என்பது அம்மாவின் ஒருநாள் உழைப்பு. அரசு அதைக் கவனிக்காமல் இல்லை. 2021 ஜனவரியில், ஏப்ரல் வரை நாள்தோறும் 2 ஜிபி இலவச டேட்டா என்று அறிவித்து, 9.69 லட்சம் மாணவர்களுக்கு டேட்டா கார்டு கொடுக்க ஏற்பாடு செய்தது. நல்ல காரியம். வாங்கிய பிள்ளைகளின் முகத்தில் நான் மகிழ்ச்சியைப் பார்த்தேன். டவர் இல்லாத ஊருக்கு அது உதவவில்லை.

வகுப்பு நடந்த விதத்தைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். திரையில் முகங்கள் இருக்காது. வண்ண வண்ண வட்டங்களுக்குள் ஓர் எழுத்து இருக்கும். நான் வட்டங்களைப் பார்த்துத் தேவையும் அளிப்பும் நடத்துவேன். “புரியுதா?” என்றால் அரை நிமிடம் மௌனம், பிறகு யாராவது ஒருவர் ‘எஸ் சார்’ என்று எழுதுவார், அதைத் தொடர்ந்து பத்து ‘எஸ் சார்’ வரிசையாக விழும். யாராவது தவறிப்போய் மைக்கைத் திறந்துவிட்டால் அந்த ஒரு கணத்தில் முழு வீடும் உள்ளே வந்துவிடும். குக்கர் விசில், குழந்தை அழுகை, ஆட்டுக்குட்டி, ஒருநாள் கலவை இயந்திரத்தின் பேரிரைச்சல். “எங்கேப்பா இருக்கே?” என்று கேட்டேன். “சைட்ல சார். அட்டண்டன்ஸுக்குத்தான் ஆன் பண்ணேன்” என்றான். அவனைக் கோபித்துக்கொள்ள எனக்கு வாய் வரவில்லை. வருகைப் பதிவில் அவனுக்கு வந்ததாகவே போட்டேன். அவன் அன்று படித்தானா? படிக்கவில்லை. படிவத்தில் என்ன போட்டிருப்பான்? ‘திருப்தி’ என்றுதான் போட்டிருப்பான். வேலையும் கெடவில்லை, வருகையும் கெடவில்லை. அந்த வீட்டில் அந்த மாதம் அவன் சம்பாதித்த காசில்தான் அரிசி வந்தது.

இங்கேதான் எனக்குப் பொருளாதார அறிஞர் அமர்த்திய சென் நினைவுக்கு வந்தார். நான் ஆண்டுதோறும் வகுப்பில் சொல்கிற செய்திதான் அது. வங்கப் பஞ்சத்துக்கு அடுத்த ஆண்டு, 1944-இல், கல்கத்தாவுக்கு அருகே சிங்கூரில் ஒரு சுகாதார ஆய்வு நடந்தது. மனைவியை இழந்த ஆண்களில் 48.5 சதவீதம் பேர் தங்கள் உடல்நிலை சரியில்லை அல்லது சுமார்தான் என்றார்கள். கணவனை இழந்த பெண்களில் அப்படிச் சொன்னவர்கள் வெறும் 2.5 சதவீதம். பஞ்சம் முடிந்த வங்கத்தில் விதவைகள்தான் எல்லோரையும்விட ஆரோக்கியமாக இருந்தார்கள் என்று யாராவது நம்ப முடியுமா? தன் உடம்பைப் பற்றிக் குறை சொல்லத் தனக்கு இடம் உண்டு என்ற நினைப்பே அந்தப் பெண்களுக்கு இருக்கவில்லை. இல்லாமையிலேயே வாழ்கிறவர்கள் தங்கள் ஆசையையும் அதற்கேற்பச் சுருக்கிக்கொள்கிறார்கள், ஆகவே அவர்கள் வாயால் சொல்லும் திருப்தியை மட்டும் வைத்து அவர்கள் வாழ்வை எடைபோடக் கூடாது என்பது சென்னின் வாதம்.

பதினைந்து வருடமாக இதை நடத்துகிறேன். என் பிள்ளைகளின் பதிலை நான் கையில் வைத்திருந்தபோது எனக்கு இது தோன்றவில்லை.

குறிப்பாக 2020-இல் முதலாண்டு சேர்ந்தவர்கள். அவர்களில் முக்கால்வாசிப் பேர் தங்கள் வீட்டிலிருந்து முதன்முதலாகக் கல்லூரிக்கு வருகிறவர்கள். கல்லூரி என்றால் எப்படி இருக்கும் என்று சொல்ல வீட்டில் அண்ணனோ அக்காவோ கிடையாது. சேர்ந்ததே இணையத்தில், படித்ததும் இணையத்தில். 2021 பிப்ரவரி 8-இல் எல்லா ஆண்டினருக்கும் கல்லூரி திறந்தபோது முதல்முறையாக உள்ளே வந்தார்கள். மார்ச் கடைசியில் மறுபடி மூடிவிட்டோம். கல்லூரி என்று அவர்கள் கண்டது அந்த ஆறேழு வாரம்தான். அவர்களிடம் போய் இணைய வகுப்பு திருப்தியா என்று கேட்டால் எதோடு ஒப்பிட்டுச் சொல்வார்கள்? நூலகத்தில் தேடாத புத்தகம் கையில் தட்டுப்படுவது, மரத்தடியில் சீனியர் ஒருவன் போட்டித் தேர்வைப் பற்றிச் சொல்வது, இரண்டு ஜாதிப் பிள்ளைகள் ஒரே டப்பாவில் கைவிட்டுச் சாப்பிடுவது, ஆசிரியர் அறைக்கு வெளியே தயங்கி நின்றுவிட்டுக் கடைசியில் உள்ளே வந்து சந்தேகம் கேட்பது என்று எதையும் இழந்ததாக அவர்களுக்குத் தெரியாது. கையில் இருந்ததே இல்லை. முதலாண்டுப் பிள்ளைகளின் பதில்களில்தான் ‘மிகவும் திருப்தி’ அதிகமாக இருந்தது.

பதிவு செய்த ‘திருப்தி’ ஒருபுறம் இருக்க, பதிவாகாத ஒரு பதிலும் வந்தது. அது 2021 நவம்பரில் தெருவுக்கு வந்தது. செப்டம்பர் 1-இல் கல்லூரிகள் திறந்து, செமஸ்டர் தேர்வை நேரடியாக எழுத வேண்டும் என்று அறிவிப்பு வந்ததும், மதுரை, கோவை என்று பல ஊர்களில் மாணவர்கள் சாலையில் உட்கார்ந்தார்கள். ஆன்லைனில் நடத்தினீர்கள், ஆன்லைனிலேயே தேர்வு வையுங்கள் என்பது கோரிக்கை. மதுரையில் மாணவர்கள்மேல் வழக்கும் பதிந்தார்கள். ஊரே அந்தப் பிள்ளைகளைத் திட்டியது. புத்தகத்தைப் பார்த்து எழுதிப் பழகிவிட்டார்கள், சோம்பேறிகள் என்று டீக்கடையிலும் ஆசிரியர் அறையிலும் ஒரே பேச்சு. அதற்கு முந்தைய ஆண்டு ஆகஸ்டில் அரியர் தேர்வுகளுக்குக் கட்டணம் கட்டியவர்கள் எல்லோரும் தேர்ச்சி என்று அரசு அறிவித்ததையும், தேர்வே எழுதாமல் தேர்ச்சி என்பதை ஏற்க முடியாது என்று 2021 ஏப்ரலில் உயர் நீதிமன்றம் சொன்னதையும் சேர்த்துப் பேசினார்கள். உயர்கல்வித் துறை அமைச்சர் பொன்முடி, தயாராவதற்கு அவகாசம் கொடுத்து, ஜனவரி 20-க்குப் பிறகு நேரடித் தேர்வு என்றார். ஜனவரியில் ஒமைக்ரான் வந்தது. கடைசியில் 2022 பிப்ரவரியில் தேர்வு இணையவழியில்தான் நடந்தது.

நானும் அந்த நவம்பரில் பிள்ளைகள்மேல் வருத்தப்பட்டேன். கல்லூரி வாசலில் உட்கார்ந்திருந்த என் மாணவி ஒருத்தியிடம் போய், “ஏம்மா, இப்படி எத்தனை நாளைக்கு ஓட்டுவீங்க?” என்று கேட்டேன். அவள் எழுந்து நின்றாள். “சார், எனக்கு ரெண்டு செமஸ்டரா ஒண்ணுமே தெரியாது சார். ஹாலுக்குள்ள போயி வெறும் பேப்பரை மடிச்சுக் குடுத்துட்டு வரணுமா?” என்றாள். கேட்டுவிட்டு அழுதாள்.

இணையவழிக் கல்வி பற்றி நான் கேட்ட பதில்களில் நேர்மையான பதில் அதுதான் என்று இன்றைக்கும் நினைக்கிறேன். ஆன்லைன் தேர்வு வேண்டும் என்று போராடியவர்களை இணையக் கல்வியை விரும்பியவர்கள் என்று எடுத்துக்கொண்டோம். அவர்கள் சொன்னது, எங்களுக்கு நீங்கள் எதையும் கற்றுக்கொடுக்கவில்லை என்பதுதான். ‘திருப்தி’ என்று மே மாதம் வட்டத்தைத் தொட்ட விரல்களும், நவம்பரில் சாலையில் உட்கார்ந்தவர்களும் ஒரே பிள்ளைகள்தான். இரண்டிலும் அவர்கள் பொய் சொல்லவில்லை. மே மாதம் நாங்கள் கேட்டது வசதியைப் பற்றி. பஸ் செலவு இல்லை, வேலைக்குப் போக முடிந்தது, நோய் தொற்றவில்லை. வசதி உண்மையில் இருந்தது. கற்றாயா என்று யாரும் கேட்கவில்லை.

திருப்தியும் கற்றலும் ஒன்றல்ல என்பது நம் ஊர்க் கதை மட்டுமில்லை. ஹார்வர்டில் இயற்பியல் தொடக்கநிலை வகுப்புகளில் ஓர் ஆய்வு செய்து 2019-இல் வெளியிட்டார்கள். ஒரு பிரிவுக்கு நல்ல பேச்சாளர் தெளிவாக விரிவுரை நடத்தினார். இன்னொரு பிரிவில் மாணவர்களே குழுவாக உட்கார்ந்து கணக்கோடு மல்லுக்கட்ட வேண்டும். விரிவுரை கேட்டவர்கள் தாங்கள் நிறையக் கற்றுக்கொண்டதாகச் சொன்னார்கள். சோதனை வைத்துப் பார்த்தால் மல்லுக்கட்டியவர்கள்தான் அதிகம் கற்றிருந்தார்கள். மண்டை குடையும்போது நமக்கு ஒன்றும் ஏறவில்லை என்று தோன்றும், ஏறுவது அப்போதுதான். நான் வட்டங்களைப் பார்த்து வழவழவென்று பேசிய நாட்களில் என் வகுப்பு எவ்வளவு சுலபமாக இருந்திருக்கும் என்று நினைத்துப் பார்க்கிறேன். யாரும் தடுமாறவில்லை. தடுமாறினால் எனக்குத் தெரிய வழியும் இல்லை.

இதையெல்லாம் படிக்கிறவர் நான் இணையக் கல்விக்கே எதிரி என்று முடிவுகட்டிவிட வேண்டாம். தொலைவிலிருந்து படிப்பது நமக்குப் புதிதில்லை. மதுரைப் பல்கலைக்கழகத்தில் 1971-இல் அஞ்சல்வழிக் கல்வி தொடங்கியது, அண்ணாமலையில் 1979-இல், சென்னையில் 1981-இல். என் அக்கா கல்யாணத்துக்குப் பிறகு அப்படித்தான் பி.ஏ. முடித்தாள். பழுப்பு உறையில் பாடங்கள் தபாலில் வரும். மாமியார் தூங்கிய பிறகு அடுப்படியில் உட்கார்ந்து படிப்பாள். சனி, ஞாயிறு தொடர்பு வகுப்புக்குப் போவதற்கு ஒரு வாரம் முன்பே வீட்டு வேலைகளையெல்லாம் திட்டம் போட்டு முடித்து வைப்பாள். அந்த இரண்டு நாள் வகுப்பைப் பற்றி இன்றைக்கும் பேசுவாள். அந்தக் கல்வியில் குறைகள் இருந்தன. ஆனால் படிக்கிறவள் தொலைவில் இருக்கிறாள், தனியாக இருக்கிறாள் என்ற நினைப்போடு அந்தப் பாடங்களை ஒருவர் உட்கார்ந்து எழுதியிருந்தார். அலகு முடிவில் நாமே சோதித்துப் பார்க்கக் கேள்விகள், பின்பக்கத்தில் விடைகள் இருக்கும்.

நாங்கள் 2020-இல் செய்தது அது இல்லை. அமெரிக்காவில் சார்லஸ் ஹாட்ஜஸும் நான்கு பேரும் 2020 மார்ச்சிலேயே ஒரு கட்டுரையில் எச்சரித்தார்கள்: இப்போது அவசரத்துக்குச் செய்வதை இணையவழிக் கல்வி என்று அழைக்காதீர்கள், இது நெருக்கடிநேரத் தொலைக் கற்பித்தல். ஒரு பாடத்தை முழுக்க இணையத்துக்கென்று வடிவமைக்க வழக்கமாக ஆறு முதல் ஒன்பது மாதம் ஆகும் என்று அவர்கள் எழுதியிருந்தார்கள். எங்களுக்குக் கிடைத்தது ஒரு வாட்ஸ்அப் செய்தி.

நேரம் கொடுத்து, உழைத்துச் செய்தால் எப்படி இருக்கும் என்பதற்கும் சான்று இருக்கிறது. ஐஐடிகளும் பெங்களூர் அறிவியல் கழகமும் சேர்ந்து 2003-இல் தொடங்கிய என்பிடெல் பாடங்களை எங்கள் இளைய ஆசிரியர்கள் பலர் பார்த்துத்தான் தங்கள் வகுப்புக்குத் தயாராகிறார்கள். சென்னை ஐஐடி 2020 ஜூனில் அறிவித்த இணையப் பட்டப்படிப்பு, சிற்றூர்ப் பிள்ளைகள் கனவிலும் நினைக்காத ஒரு வாசலைத் திறந்திருக்கிறது. இரண்டிலும் பாடம் இணையத்தில், தேர்வு மட்டும் மையத்துக்கு நேரில் வந்து எழுத வேண்டும். கற்றார்களா என்பதை அவர்கள் படிவத்தில் கேட்டுத் தெரிந்துகொள்வதில்லை.

என் வகுப்பிலேயே ஒரு பெண்ணுக்கு இணையம் நல்லது செய்தது. தமிழ்வழியில் பன்னிரண்டாம் வகுப்பு முடித்தவள். நேரடி வகுப்பில் கடைசி வரிசையில் தலைகுனிந்தே இருப்பாள். நான் பேசி அனுப்பிய ஒலிப்பதிவுகளைத் திரும்பத் திரும்பக் கேட்டு, ஆங்கிலச் சொற்களை நோட்டில் தமிழில் எழுதி, இரவு பத்து மணிக்கு வாட்ஸ்அப்பில் தனியாகச் சந்தேகம் கேட்பாள். நாற்பது பையன்கள் முன்னால் எழுந்து நின்று அவள் அந்தக் கேள்விகளை ஒருநாளும் கேட்டிருக்க மாட்டாள். எங்கள் துறையில் அந்த ஆண்டு முதல் மதிப்பெண் அவளுக்குத்தான். அவள் ‘மிகவும் திருப்தி’ என்று போட்டிருந்தால் அதை நான் முழுமனதோடு நம்புவேன். அவளுக்குக் கிடைத்ததைக் கல்லூரி திறந்த பிறகு நாங்கள் ஏன் தொடரவில்லை என்பது எங்களை நோக்கிக் கேட்க வேண்டிய கேள்வி. ஒலிப்பதிவுகளை நிறுத்திவிட்டோம். அவள் மறுபடி கடைசி வரிசைக்குப் போனாள்.

கல்லூரி திறந்த அந்தச் செப்டம்பரில் நான் பார்த்த ஒரு காட்சியை எந்தப் படிவத்திலும் சேர்க்க முடியாது. முகக்கவசத்தோடு வந்த இரண்டாமாண்டுப் பிள்ளைகள் ஒருவரையொருவர் குரலை வைத்து அடையாளம் கண்டுகொண்டார்கள். “நீதானே அந்த ‘எஸ் சார்’?” என்று ஒருத்தி இன்னொருத்தியின் கையைப் பிடித்துக்கொண்டாள். சான்றிதழ் வாங்க அலுவலகத்தில் எந்த ஜன்னலுக்குப் போக வேண்டும் என்று இரண்டாமாண்டு வந்தும் அவர்களுக்குத் தெரியவில்லை. வகுப்பு முடிந்து மணியடித்த பிறகும் யாரும் எழுந்திருக்கவில்லை. பஸ் போய்விடும் என்று நான்தான் விரட்ட வேண்டியிருந்தது. பல நாள் அப்படி நடந்தது.

சித்தேரி மாணவனும் வந்தான். அவன் 2019-இல் சேர்ந்தவன், ஆகவே முன்னும் பின்னும் தெரிந்தவன். மே மாதம் அவனிடம் கேட்காமல் விட்டதை அப்போது கேட்டேன். அந்தப் பாறையில் எப்படிச் சமாளித்தாய் என்றேன். காலையில் ஒன்பது மணிக்கே மேடேறிவிடுவானாம். மழை வந்தால் பிளாஸ்டிக் தாளைத் தலையில் போட்டுக்கொள்வானாம். குரல் விட்டு விட்டு வருமாம். “பாடம் பாதியாச்சும் கேட்டுச்சு சார். ஆனா நான் அங்க நின்னுகிட்டிருக்கறது உங்களுக்குத் தெரியாதுல்ல, அதுதான் ஒருமாதிரியா இருக்கும்” என்றான்.

இந்த ஒரு வாக்கியத்தை எந்த வட்டத்துக்குள் வைப்பது? எனக்குத் தெரிந்த எந்த அளவுகோலிலும் இதற்கு இடம் இல்லை. கல்லூரி இவர்களுக்குக் கொடுப்பது பாடம் மட்டும் என்றால் பாதியாவது போய்ச் சேர்ந்துவிட்டது. தன் ஊரில், தன் ஜாதியில், தன் வீட்டில் யாரும் நின்றிராத ஓர் இடத்தில் தான் வந்து நிற்பதை இன்னொரு மனிதர் பார்க்க வேண்டும் என்று வருகிறவர்கள் இவர்கள். என் வருகைப் பதிவில் அந்த நாட்களில் அவன் பெயருக்கு நேரே பாதிக்குமேல் ‘வரவில்லை’ என்றுதான் இருக்கிறது. அவன் மழையில் நின்றிருக்கிறான்.

இப்போது இதை எழுத ஒரு காரணம் உண்டு. 2021 மே மாதத்திலேயே பல்கலைக்கழக மானியக் குழு ஒரு கருத்துருவை வெளியிட்டது. நோய் போன பிறகும் ஒவ்வொரு பாடத்திலும் 40 சதவீதம்வரை இணையவழியில் நடத்தலாம் என்றது அது. அந்தக் கருத்துருவில் நல்ல யோசனைகளும் உண்டு. ஆனால் கட்டடம் கட்டக் காசில்லை, நிரந்தர ஆசிரியர் பணியிடங்களை நிரப்பக் காசில்லை என்று சொல்கிற காலத்தில், ‘மாணவர்கள் திருப்தியாகத்தான் இருக்கிறார்கள்’ என்ற வரைபடம் கையில் இருந்தால் அது எதற்குப் பயன்படும் என்று யோசிக்க வேண்டும். எங்கள் கோப்பிலும் அப்படி ஒரு வரைபடம் இருக்கிறது. அதை நானே செய்தேன் என்பதால் அதன் பொறுப்பும் என்னுடையது. ஏழைப் பிள்ளைகள் குறைவாகக் கேட்டார்கள் என்பதற்காக அவர்களுக்குக் குறைவாகக் கொடுப்பது அநீதி. அந்தத் தாளை அதற்குச் சான்றாக யாரும் காட்டக் கூடாது.

இணையவழிக் கல்வியில் மாணவர் திருப்தி பற்றி ஆய்வு செய்யப்போகும் இளைய நண்பர்களுக்கும், படிவம் தயாரிக்கும் சக ஆசிரியர்களுக்கும் ஒரு வேண்டுகோள். பதில் வந்தவர்களை எண்ணுவதற்கு முன்னால் வராதவர்களின் பட்டியலை எடுங்கள். அதில் பத்துப் பேரையாவது நேரில் போய்ப் பாருங்கள். திருப்தியா என்று கேட்க வேண்டாம். எங்கே உட்கார்ந்து கேட்டாய், யாருடைய போனில் கேட்டாய், எந்த இடத்தில் விட்டுப்போயிற்று, இப்போது அதில் என்ன தெரியும் என்று கேளுங்கள். ஒருநாள் வேலைதான். அரூரிலிருந்து சித்தேரிக்குப் பஸ் போகிறது.